ஊமத்தங்கொட்டையும் மாமாவின் வெள்ளைக் குளிசையும்

எங்கள் வீட்டுச் சாமியறை அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருக்கிறது. மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய்க் கனகாலம். அதற்குள்ளேதான் சின்ன மாமாவின் குளிசைகள். கிளினிக்கில் தருகிற சின்னக் கடதாசி உறைகளில் காலை, இரவு என்று பேனையால் எழுதியிருக்கும். அம்மம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு உறைகளை வாசித்து எடுத்துக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது.

அம்மம்மா குளிசைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தா. "உது அவன்ரை வருத்தத்துக்கு. இந்தச் சின்ன வெள்ளை, குளிசைக்குப் போடுற குளிசை." சின்ன வயதில் எனக்கு இது பெரிய பகிடி. குளிசைக்கும் வருத்தம் வருமா?

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இருபது வயதளவில் அவருக்கு ஆரோ கதைக்கிற குரல்கள் கேட்கத் தொடங்கின. இடம்பெயர்ந்து திரிந்ததால்தான் வந்தது என்று சொந்தக்காரரில் பாதிப்பேர் சொல்லுவார்கள். ஆரோ செய்வினை செய்துபோட்டார்கள் என்று மிச்சப்பேர். நான் அப்போது பிறக்கவேயில்லை. எனக்குத் தெரிந்த மாமா தொடக்கத்திலிருந்தே குளிசை போடுகிற மாமா. குரல்கள் அடங்கி வருடக்கணக்கு என்று அம்மா சொல்லுவா.

ஆனால் ஊருக்குக் குரல்கள் எங்கே தெரியப்போகிறது? ஊர் பார்த்தது அவருடைய நடையைத்தான். கை இரண்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். சின்னச் சின்ன அடி. முகத்தில் சிரிப்பும் வராது, கோபமும் வராது. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். சிலநேரம் வாயோரம் எச்சில். ஒழுங்கையில் விளையாடுகிற சின்னப் பெடியள் அந்த நடையை நடந்து காட்டிச் சிரிப்பார்கள். "விசர் நடை" என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

2018இல் எனக்குப் பதினைந்து வயது. ஒருநாள் பின்னேர ரியூசன் முடிகிற நேரம் நல்ல மழை. வெளியே வந்தால் கேற்றடியில் மாமா, கையில் ஒரு குடையை விரித்தும் இன்னொன்றை மடித்தும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னோடு நாலு பேர். அதில் ஒருத்தி, "ஐயோ, உந்த ஆளைப் பாரடி" என்றாள். நான் பார்க்கவில்லை. சிநேகிதியின் குடைக்குள் புகுந்து அவரைக் கடந்து போய்விட்டேன். அவர் பின்னால் கூப்பிடவில்லை. நான் வீட்டுக்கு வந்து அரைமணித்தியாலம் கழித்துத்தான் அவர் வந்தார், இரண்டு குடையோடும். அதைப்பற்றி இன்றைக்கு வரைக்கும் ஒரு சொல் கேட்கவில்லை.

இதை எழுதத் தொடங்கியதற்கு அந்த மழை ஒரு காரணம். மற்றது 2022.

அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, கரண்ட் இல்லை, மருந்தும் இல்லை. மாமா வழமையாகப் போடுகிற ரிஸ்பெரிடோன் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஹலோபெரிடோல் என்ற பழைய மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கிழமைக்குள் மாமா மரக்கட்டை மாதிரி இறுகிப்போனார். கதிரையில் இருந்து எழும்ப ஏலாது. கரண்டி வாய்க்குப் போவதற்குள் சோறு கொட்டுண்ணும். அடுத்த கிளினிக்குக்குப் போக ஓட்டோ இல்லை. வெள்ளைக் குளிசை போட்டால் கொஞ்சம் இளகுகிறது என்று அவரே கண்டுபிடித்தார். "பிள்ளை, இன்னொண்டு தாறியே?" என்று கேட்பார். நடுக்கத்துக்குப் போடுகிற குளிசைதானே, அதனால் என்ன வரப்போகிறது என்று நான் எடுத்துக் கொடுத்தேன். பேணிக்குள் பழைய உறைகளில் மிச்சம் நிறைய இருந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று என்றிருந்தது ஒரு கட்டத்தில் நாளுக்கு ஆறோ ஏழோ.

நாலாம் நாள் இரவு மாமா காற்றில் நூல் பிடுங்கத் தொடங்கினார். இல்லாத நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, பக்கத்தில் சுற்றி வைக்கிறார். என்னைச் செத்துப்போன ஒரு பெரியம்மாவின் பெயரால் கூப்பிட்டார். முகம் சிவந்து காய்ச்சல்போலக் கொதித்தது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டுகிறது. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பு. "திரும்பத் துவங்கீட்டுது" என்று அம்மா சுவரில் சாய்ந்து அழுதா. அம்மம்மா மட்டும் கட்டிலடியில் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "உவன்ரை பழைய வருத்தம் உப்பிடியில்லை. உவன் ஊமத்தங்கொட்டை திண்டவன் மாதிரியெல்லோ கிடக்கிறான்" என்றா.

பக்கத்து வீட்டுக்காரர் ஒளித்து வைத்திருந்த பெற்றோலை ஊற்றி வான் எடுத்தார். ஆசுப்பத்திரியில் மருந்தைக் கூட்டி ஒரு ஊசி போடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இளம் டொக்டர் ஒருவர் மாமாவின் கண்ணுக்குள் ரோச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், அடிவயிற்றை அமத்திப் பார்த்தார். பிறகு, "வெள்ளைக் குளிசை எத்தினை போட்டவர்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். சொல்லுவதற்கு எனக்கு நேரம் எடுத்தது. சொன்ன பிறகு அவர் ஏசவில்லை. "இது வருத்தம் திரும்பி வந்ததில்லை. இந்தக் குளிசை கூடினது" என்று மட்டும் சொல்லி அதை நிற்பாட்டினார். இரண்டு மூன்று நாளில் மாமா என்னை என் பெயரால் கூப்பிட்டார்.

கம்பசுக்கு வந்து, மெய்யியலில் ஒரு பாடத்துக்காக மனமும் மூளையும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வந்தபோது, மருத்துவபீடத்துச் சிநேகிதி ஒருத்தியின் நோட்ஸை வாங்கினேன். கலைப்பீடக்காரிக்கு அதில் பாதி விளங்காது. ஆனால் ஒரு பக்கத்தில் பென்சிலால் ஒரு தராசு கீறியிருந்தாள். ஒரு தட்டில் டொபமின், மற்றத் தட்டில் அசற்றைல்கோலின். கீழே ஒரு வரியில் எங்கள் வீட்டு வெள்ளைக் குளிசையின் பெயர், பென்ஸ்ஹெக்ஸோல். அந்தப் பக்கத்தில் நின்றவள் கட்டுரையையும் மறந்து ஒரு மாதம் அங்கேயே நின்றேன்.

ஒரு நரம்புக்கலம் அடுத்த நரம்புக்கலத்தோடு கதைப்பது பெரும்பாலும் இரசாயனத்தால். ஒன்று ஒரு பொருளைச் சுரக்கும், மற்றதன் மேலிருக்கிற வாங்கிகள் அதைப் பிடிக்கும். அந்தப் பொருளைத்தான் நரம்புக்கடத்தி என்கிறார்கள். இதை 1921இல் ஒட்டோ லோவி தவளை இதயத்தை வைத்துக் காட்டினார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. இந்தப் பரிசோதனை அவருக்குக் கனவில் வந்ததாம். முதல் இரவு எழும்பிக் கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே வாசிக்க முடியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தபோது எழும்பி நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். (பரீட்சைக் காலத்தில் எனக்கு வருகிற கனவுகளுக்கு இப்படியொரு பிரயோசனமும் இல்லை.) அந்தத் திரவத்தில் இருந்த பொருள்தான் அசற்றைல்கோலின்.

டொபமினை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க ஏலாது. ரீல்ஸ் முழுக்க அதுதானே, சந்தோசத்தின் இரசாயனம், அதைக் குறைக்க ஒரு விரதம், கூட்ட ஒரு குளிர்தண்ணிக் குளிப்பு. மூளையில் டொபமின் ஒரு இடத்தில் ஒரு வேலையோடு நிற்பதில்லை என்பதை அந்த ரீல்ஸில் ஒருவரும் சொல்லுவதில்லை. ஒரு பாதையில் அது எதைக் கவனிக்கவேண்டும், எது முக்கியம் என்பதோடு சம்பந்தப்படுகிறது. குரல்கள் கேட்கிற வருத்தத்தில் அங்கே அது மிஞ்சிப்போவதாகக் கருதுகிறார்கள். இன்னொரு பாதையில், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ரையேற்றம் என்ற பகுதியில், அது எங்கள் அசைவைத் தொடக்கிவிடுகிறது. மூன்றாவது இடத்தில் பால் சுரக்கச் செய்கிற புரோலக்ரின் என்ற ஓமோனை அடக்கி வைத்திருக்கிறது.

ஹலோபெரிடோல் டொபமினின் வாங்கிகளை அடைக்கிறது. ஆனால் குரல் கேட்கிற பாதையில் மட்டும் அடை, மற்றதை விடு என்று அதற்குச் சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் அடைக்கும். மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வுகளின்படி, ஏறத்தாழ 65 வீதமான வாங்கிகள் அடைபட்டால் குரல்கள் அடங்கத் தொடங்கும். 80 வீதமளவைத் தாண்டினால் உடம்பு இறுகத் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். இப்படியான மருந்து போடுகிற சில பெண்களுக்கு மாதவிடாய் நின்று, பிள்ளை இல்லாமலே பால் சுரப்பதும் இதனால்தான். அதை வெட்கத்தில் டொக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் எத்தனை பேரோ.

அசைகிற இடத்தில் டொபமின் செய்கிற வேலைகளில் ஒன்று, பக்கத்தில் இருக்கிற அசற்றைல்கோலின் கலங்களை அடக்கி வைப்பது. ஸ்ரையேற்றத்தில் அந்தக் கலங்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், ஆனால் கிளை பரப்பி எல்லாரோடும் கதைக்கக்கூடியவை. டொபமினின் வாங்கியை அடைத்தால் அவற்றை அடக்க ஆளில்லை. அசற்றைல்கோலின் மிஞ்சும். உடம்பு இறுகும், விரல் உருட்டும், முகம் செத்துப்போகும். பார்க்கின்சன் வருத்தத்தில் டொபமின் கலங்கள் தாமாகவே அழிவதால் வருவதும் கிட்டத்தட்ட இதே கோலம். நோட்ஸில் பார்க்கின்சனின் அறிகுறிகளை வாசிக்க வாசிக்க எனக்கு ரியூசன் கேற்றடியில் நின்ற மாமாதான் வந்தார். கை வீசாத நடை, உருட்டுகிற விரல், எச்சில், சிரிக்காத முகம். "விசர் நடை" என்று ஊர் பெயர் வைத்தது பெரும்பாலும் வைத்தியத்தின் நடை. பெடியள் சிரித்ததும், நான் குடைக்குள் ஒளித்ததும், அவரைச் சுகப்படுத்திய மருந்தைப் பார்த்து.

இறுகின உடம்பை இளக்கத்தான் வெள்ளைக் குளிசை. அது டொபமினைத் தொடுவதில்லை. மற்றத் தட்டில் மிஞ்சி நிற்கிற அசற்றைல்கோலினின் வாங்கியை அடைக்கிறது. குளிசைக்குப் போடுற குளிசை. அம்மம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

அம்மம்மாவின் ஊமத்தையும் அப்படித்தான். ஊமத்தங்காயில் இருக்கிற அத்திரோப்பினும் ஹயோசினும் அடைப்பது இதே அசற்றைல்கோலின் வாங்கிகளைத்தான். வாய் காய்வது, கண்மணி விரிவது, உடம்பு கொதிப்பது, மூத்திரம் அடைவது, இல்லாததைப் பிடுங்குவது எல்லாம் ஊமத்தை நஞ்சின் அடையாளங்கள். ஏனென்றால் அசற்றைல்கோலினுக்கும் ஒரு இடம் மட்டுமில்லை. ஸ்ரையேற்றத்தில் அதைக் குறைத்தால் கை இளகும். ஆனால் நினைவுக்கும் கவனத்துக்கும் அது வேண்டும், எச்சிலுக்கும் வியர்வைக்கும் வேண்டும். நான் ஆறு குளிசை எடுத்துக் கொடுத்தபோது கையை இளக்கிக்கொண்டே நினைவையும் அடைத்துக்கொண்டிருந்தேன். டொக்டர் ரோச் அடித்துக் கண்டுபிடித்ததை அம்மம்மா கட்டிலடியில் நின்றே கண்டுபிடித்துவிட்டா. அவவின் ஊரில் ஆரோ ஒருவர் ஊமத்தங்கொட்டை தின்று கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவவாம்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விசயம், விளக்கம் வருவதற்கு முன்னமே மருந்து வந்துவிட்டது. டொபமின் என்ற ஒன்று மூளையில் இருப்பதே தெரியாத 19ஆம் நூற்றாண்டில், பாரிசில் ஷார்கோ என்ற வைத்தியர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு பெலடோனாச் செடியின் சத்தைக் கொடுத்தார். அது ஊமத்தையின் சொந்தக்காரச் செடி. ஏன் வேலைசெய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, செய்தது. மறுபக்கத் தட்டை விளங்க வைத்ததும் ஒரு செடிதான். எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் வளருகிற சர்ப்பகந்தி. பித்துப் பிடித்தவர்களுக்கு ஆயுர்வேதத்தில் கொடுத்துவந்த வேர். அதிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் டொபமின், நொரட்ரனலின், செரட்டோனின் மூன்றின் சேமிப்பையும் காலியாக்கிவிடும். 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன. செரட்டோனினாக மாறக்கூடிய பொருளைக் கொடுத்தார், எழும்பவில்லை. டொபமினாக மாறுகிற லெவோடோபாவைக் கொடுத்தார், எழும்பி ஓடின. 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு. பார்க்கின்சனுக்கு இன்றைக்கும் முதன்மையான மருந்து லெவோடோபாதான். ஆனால் அதைக் கூடக் கொடுத்தால் சிலருக்கு இல்லாதது தெரியும், கேட்கும். மாமா போகிற வழியின் எதிர்த்திசையில் போய் அவர் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேருகிறார்கள்.

தராசுப் படத்தை நான் கனநாள் நம்பியிருந்தேன். பிறகுதான் அது முழு உண்மையில்லை என்று தெரிந்தது. தராசில் ஒன்று ஏறினால் மற்றது இறங்கவேண்டும். ஆனால் அசற்றைல்கோலினுக்கு இரண்டு வகை வாங்கிகள் இருக்கின்றன. ஊமத்தை அடைப்பது ஒன்றை. மற்றதைத் தூண்டுவது புகையிலையின் நிக்கொற்றின். அந்த இரண்டாவது வகை டொபமின் நரம்புகளின் நுனியிலேயே இருக்கிறது, அதைத் தொட்டால் டொபமின் கூடச் சுரக்கும். அதாவது அசற்றைல்கோலின் டொபமினுக்கு எதிரியும், உதவிக்காரனும். ஊமத்தை, பெலடோனா, புகையிலை, எங்கள் வீட்டுக் கத்தரி எல்லாம் ஒரே குடும்பம் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்று வீட்டில் ஒவ்வொருநாளும் சண்டை. இந்த வருத்தம் உள்ளவர்களில் நிறையப் பேர் புகைப்பதற்கு, மருந்து அடைத்ததைக் கொஞ்சம் திறந்துவிடுகிற இந்த நிக்கொற்றின் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீயே வாங்கிக் குடு" என்றா. சரி, அது பிழையான நேரம். புகையில் உள்ள வேறு பொருட்கள் க்ளோஸபின், ஒலன்ஸபின் போன்ற மருந்துகளை உடம்பில் இருந்து கெதியாய் வெளியேற்றிவிடும் என்பதையும் சொல்லியிருக்கவேண்டும்.

ரிஸ்பெரிடோன் திரும்பக் கிடைத்ததும் மாமாவின் கை ஏன் இளகியது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. அது டொபமினோடு செரட்டோனினின் ஒரு வாங்கியையும் அடைக்கிறது. அசைவுப் பாதையில் செரட்டோனின் டொபமினுக்குக் கடிவாளம்போல. கடிவாளத்தைத் தளர்த்தினால் அங்கே டொபமின் கொஞ்சம் கூடச் சுரந்து, அடைக்கிற மருந்தோடு போட்டிபோடும். இதுவே முழுக்காரணம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கு அந்த விவாதம் தேவையில்லை. சோறு சிந்தாமல் சாப்பிடுகிறார், வெள்ளைக் குளிசை இப்போது நாளுக்கு ஒன்று. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரைக் கேட்டுத்தான். பேணியின் திறப்பு என்னிடம் இல்லை, நானே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அந்த நோட்ஸின் போட்டோகொப்பியை மாமாவிடம் காட்டினேன். உண்மையில் நான் சொல்ல நினைத்தது 2018 மழையைப் பற்றி. அது வாயில் வரவில்லை, தராசுதான் வந்தது. இது டொபமின், இது அசற்றைல்கோலின், இதை அடைச்சால் இது கூடும் என்று விளங்கப்படுத்தினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ரெண்டு மாறி மட்டுமோ?"

"இல்லை மாமா. செரட்டோனின் இருக்கு, நொரட்ரனலின் இருக்கு, குளுற்றமேற், காபா... இன்னும் நிறைய."

"ஒண்டு மாறினால் மற்றதெல்லாம் மாறுமோ?"

"ஓம்."

"அப்ப உது தராசில்லைப் பிள்ளை. ஒருங்கமை சமன்பாடு. மாறி எத்தினை, சமன்பாடு எத்தினை எண்டு தெரியாமல் உதை எப்பிடித் தீர்க்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. உயர்தரத்தில் நான் கணிதமே எடுக்கவில்லை. அவர் என் பேனையை வாங்கி, தராசுக்குப் பக்கத்தில் x, y, z என்று எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்புக்குறி போடத் தொடங்கினார். கோடு கொஞ்சம் நடுங்கித்தான் வந்தது. பக்கத்தின் அடிக்கு வந்ததும் நிமிர்ந்து, "தேத்தண்ணி ஒண்டு போட்டுத் தாறியே?" என்று கேட்டார்.